புயலுக்குப் பின் தறியும் மத்தளமும்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் இவ்வேளையில், புயலில் அடிபட்ட கலைஞர்களுக்கும் கிராமங்களுக்கும் துணை நிற்கும் தொண்டு நிறுவனங்களைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். 2024-இல் அங்கே வீசிய ஹெலீன் சூறாவளியில் பட்டறைகளை இழந்த கைவினைக் கலைஞர்களுக்கு உதவும் ஒரு நிறுவனத்துக்கு மாதந்தோறும் பணம் தருகிறான். சோறும் கூரையும் இல்லாமல் மக்கள் தவிக்கும்போது, பானை வனைகிறவருக்கும் படம் வரைகிறவருக்கும் எதற்குப் பணம் என்று கேட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. நான் கேட்டது தவறா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கேட்டதில் தவறில்லை, அம்மா. முதல் பத்து நாட்களுக்கு உங்கள் கேள்வியே முழுக்கச் சரி. அந்த நாட்களில் குடிநீரும் உணவும் மருந்தும் தவிர வேறெதற்கும் இடமில்லை. ஆஷ்வில் நகரத்தில் குழாய்நீர் குடிக்கத் தகுந்ததாக மாற 53 நாட்கள் ஆயின. ஊருக்கெல்லாம் உணவு வழங்கிவந்த மன்னா என்னும் உணவு வங்கியின் கிடங்கையே வெள்ளம் அழித்துவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் அரிசிக்கும் தண்ணீருக்கும் பணம் கொடுத்தவர்கள் உயிர் காத்தவர்கள்.

ஆனால் உங்கள் மகன் கொடுப்பது மாதந்தோறும் என்கிறீர்கள். அவருடைய செயலின் பொருள் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. உணவுப் பொட்டலம் வருவது நின்ற பிறகு, செய்தியாளர்கள் ஊர் திரும்பிய பிறகு, அந்த மனிதர் எதைக் கொண்டு பிழைப்பார் என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அங்கே நடந்ததைச் சொல்கிறேன். 2024 செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு ஹெலீன் ஃபுளோரிடாவில் கரை கடந்தது. அங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே, அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே இருக்கும் ஆஷ்வில்லில், மறுநாள் பிரெஞ்சு பிராடு ஆறு 1916-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தையும் விஞ்சி 24 அடிக்கு மேல் உயர்ந்தது. ஆற்றங்கரையில் பழைய ஆலைக் கட்டடங்களில் குயவர்களும் ஓவியர்களும் கண்ணாடிக் கலைஞர்களும் நெசவாளர்களும் பட்டறை வைத்திருந்த ‘ரிவர் ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட்’ என்னும் பகுதியின் பெரும்பங்கு அன்று நீரில் மூழ்கியது. சூளை, தறி, அச்சு இயந்திரம், பல ஆண்டுகளாக விற்காமல் வைத்திருந்த நல்ல படைப்புகள் எல்லாம் சேற்றோடு போயின. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். போதாக்குறைக்கு, இலையுதிர்கால வண்ணம் காணப் பயணிகள் குவியும் அக்டோபர்தான் அவர்களுக்கு விற்பனைக் காலம். கருவியும் போய், அவ்வாண்டின் சம்பாத்தியமும் போனது.

அந்த மலைநாட்டில் கைவினை என்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்காகத் தோன்றியதும் அன்று. 1920-களில் லூசி மார்கன் என்னும் ஆசிரியை, மலைக்கிராமப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே நெய்து காசு பார்க்கட்டும் என்று தொடங்கிய முயற்சிதான் இன்றைய பென்லாண்ட் கைவினைப் பள்ளி. 1930-இல் அதே மலைகளின் கைவினைஞர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கமும் அமைத்தார்கள். ஆகவே அங்கே கலைஞருக்கு உதவுவதும் கிராமத்துக்கு உதவுவதும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். ஹெலீனுக்குப் பிறகு ஆஷ்வில்லின் சென்டர் ஃபார் கிராஃப்ட் நிறுவனமும், 1985 முதல் இயங்கும் செர்ஃப் பிளஸ் என்னும் அமைப்பும் கலைஞர்களின் கைக்கே பணமாக உதவி சேர்த்தன. பின்னதன் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்த செய்தி: சந்தைகளில் கடை போட்ட கைவினைஞர்கள், தங்களில் ஒருவர் தீவிபத்திலோ நோயிலோ சிக்கும்போது தங்களுக்குள்ளேயே பணம் திரட்டிக் கொடுத்துவந்த பழக்கம்தான் பின்னர் நிறுவனமாக வளர்ந்தது.

இப்போது நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு நம் அரசு அறிவித்த நிவாரணத்தில் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று வரிசை இருந்தது. அவை தேவையான உதவிகள், குறை சொல்லவில்லை. ஆனால் தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரின் வீட்டில் நீர் புகுந்தால், அவருடைய கிரீடத்துக்கும் புஜகீர்த்தி என்னும் தோளணிக்கும் மார்புப் பதக்கத்துக்கும் மத்தளத்துக்கும் முகவீணை என்னும் ஊதுகுழலுக்கும் அந்த வரிசையில் இடம் எது? கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, கண்ணாடித் துண்டும் மினுக்குத் தாளும் ஒட்டிச் செய்யும் அந்த அணிகள் ஒரு செட்டு முழுமையாகப் போனால், மீண்டும் செய்துகொள்ள அவருக்கு ஓர் ஆட்டக்காலத்தின் வருமானமும் போதாது. மேலும் ஐப்பசியும் கார்த்திகையும் ஆட்டம் குறைந்த மாதங்கள். கையில் காசில்லாமல், அணிகள் வைக்கும் பெட்டி வீட்டில் மூடிக்கிடக்கும் அந்த நேரத்தில்தான் புயல் வருகிறது. மாசி பிறந்து கோயில் திருவிழாவுக்கு அழைப்பு வரும்போது, பெட்டி இல்லாதவர் போக முடியாது. அவர் அந்த ஆண்டு செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ போவார். அடுத்த ஆண்டு அழைப்பே வராது.

உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை அன்பாகச் சொல்லிவிடுங்கள், அம்மா. அவர் கொடுப்பது சரியான இடத்துக்குத்தான் போகிறது.

கேள்வி: நாங்கள் சேர்வராயன் மலையில் இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருக்கிறோம். புயல் என்றால் கடலோர மக்களுக்குத்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நிவாரண நிறுவனங்களும் கடலூர், நாகப்பட்டினம் என்றே போகின்றன. மலைக்காரர்களுக்கு உதவ யாராவது இருக்கிறார்களா? வெளிநாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்களா?
— காப்பி விவசாயி, ஏற்காடு வட்டம்

பதில்: கடலோரத்தில் புயல் காற்றாக வருகிறது, மலைக்கு அது மழையாக வருகிறது. கரை கடந்து வலுவிழந்த புயலின் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, சுமந்து வந்த நீர் முழுவதையும் சரிவிலே கொட்டிவிடுகிறது. அப்பலாச்சிய மலைகளில் ஹெலீன் செய்தது இதைத்தான். அங்கே ஓரிடத்தில் சில நாட்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. நமக்கும் இது புதிதன்று. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, அங்கேயே நெடுநேரம் நின்று, பிறகு மெல்ல மேற்கே நகர்ந்தது. கடலே பார்க்காத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருவண்ணாமலையில் மண்சரிவு ஒரே வீட்டில் ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றதை நீங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள்.

உங்கள் இழப்பின் தன்மை வேறு என்பதை நிறுவனங்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கிறது. டிசம்பர் தொடக்கம் என்றால் காப்பிப் பழம் பறிக்கும் பருவம். பழுத்தது உதிர்ந்து மண்ணோடு போகும். பறித்ததைக் காயப்போடக் களத்தில் வெயில் இராது. சில்வர் ஓக் மரம் சாய்ந்தால் அதில் படர்ந்த மிளகுக் கொடியும் கீழிருக்கும் காப்பிச் செடியும் சேர்ந்தே போகும். செடி போனால் புதிதாக நட்ட அரபிகா பலனுக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மலைக்கிராமங்களில் சாமையும் தினையும் விதைக்கிற குடும்பங்களுக்குப் பாதை துண்டிக்கப்பட்டால், வேலைக்கும் மருத்துவமனைக்கும் வழியில்லை. ஆகவே ஒரு வாரத்து அரிசியோடு முடிகிற உதவி இங்கே பாதி உதவிகூட இல்லை.

வெளிநாட்டு உதாரணம் கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை உங்கள் நிலைமைக்கு மிக நெருங்கியது புவெர்த்தோ ரிக்கோ தீவின் மலைநடுவில் இருக்கும் அத்ஹுந்தாஸ் என்னும் காப்பி ஊர். அங்கே ‘காசா புவெப்லோ’, அதாவது ஊர்வீடு, என்னும் அமைப்பு 1980-இல் தொடங்கியது. மலையைத் தோண்டி உலோகம் எடுக்க வந்த திட்டத்தை எதிர்த்து ஊர்மக்கள் கூடிய இடம் அது. அந்தப் போராட்டம் வென்றபின்னும் அமைப்பு கலையவில்லை. தங்கள் பெயரில் காப்பித்தூள் விற்று, அந்த வருவாயிலேயே தன் செலவைப் பார்த்துக்கொண்டது. 1999-லேயே கூரையில் சூரிய மின்தகடு பொருத்தியது. 2017 செப்டம்பர் 20-ஆம் நாள் மரியா சூறாவளி அந்தத் தீவைக் கடந்தபோது மின்கம்பிகள் அறுந்து, மலையூர்களில் பல மாதங்கள் இருள் கவிந்திருந்தது. காப்பித் தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. அந்த நாட்களில் அத்ஹுந்தாஸில் விளக்கெரிந்த வீடு அந்த ஊர்வீடு. நோயாளிகள் சுவாசக் கருவிகளை இயக்க அங்கே வந்தார்கள். கைப்பேசிக்கு மின்னேற்ற வந்தார்கள். பிறகு அவ்வமைப்பு சூரிய விளக்குகளை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. நன்கொடைகள் வெளியிலிருந்து ஏராளமாக வந்தன. ஆனால் அவற்றை வாங்கி உரிய கைகளில் கொடுக்க, புயலுக்கு 37 ஆண்டுகள் முன்பே ஓர் அமைப்பு அங்கே வேர் விட்டிருந்தது.

மலைக்காரர்களுக்கு உதவ யார் இருக்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு என் நேர்மையான விடை இதுதான்: ஏற்காட்டில் உள்ள உங்கள் விவசாயிகள் குழு, மலைவாழ் மக்கள் கூட்டுறவு அமைப்பு, மகளிர் சுய உதவிக் குழு ஆகியவற்றில் எது வெயில் நாட்களிலும் கூடிப் பேசுகிறதோ, எது கணக்கு எழுதுகிறதோ, அதைப் பதிவும் வங்கிக் கணக்கும் உள்ள அமைப்பாக இப்போதே வலுப்படுத்துங்கள். எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு, யாருக்கு எத்தனை செடி, பாதை துண்டிக்கப்பட்டால் எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நோயாளி என்ற பட்டியலைக் கையில் வைத்திருங்கள். சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ வருகிற பெரிய நிறுவனம், பட்டியல் உள்ள ஊரில்தான் வேலையைத் தொடங்கும். இல்லாவிட்டால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பொருளை இறக்கிவிட்டுப் போய்விடும். முன்பே ஒன்றிரண்டு நிறுவனங்களுக்கு எழுதி, மலையின் இழப்பு எப்படிப்பட்டது என்பதைப் பருவத்தோடு சேர்த்து விளக்கியும் வையுங்கள்.

கேள்வி: என் அப்பா குழித்தறியில் வெண்பட்டு நெய்கிறார். ஒவ்வொரு பெருமழையிலும் தறிக்குழியில் நீர் ஊறுகிறது. ஒருமுறை பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல், முழுவதும் வீணாகிவிட்டது. அரசிடமோ தொண்டு நிறுவனத்திடமோ எதைக் கேட்பது?
— கல்லூரி மாணவி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: சேர்வராயன் மலையில் பெய்வது திருமணிமுத்தாற்றில் இறங்கிச் சேலம் நகருக்குள்தான் வருகிறது, ஆகையால் ஏற்காட்டுப் புயல்மழைக்கும் உங்கள் தறிக்குழிக்கும் தூரம் அதிகமில்லை.

அரசிடம் கேட்க ஒரு வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரியாமல் போகிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் விதிகளில் கைத்தறி, கைவினைத் தொழிலாளருக்குத் தனிப் பிரிவு உண்டு. 2022 முதல் 2026 வரைக்கென வகுத்த அளவின்படி, சேதமான கருவிகளுக்கு 5,000 ரூபாயும், வீணான மூலப்பொருளுக்கும் நெய்துகொண்டிருந்த சரக்குக்கும் 5,000 ரூபாயும் கொடுக்க இடமிருந்தது. சேதத்தை உரிய அலுவலர் சான்றளிக்க வேண்டும். எனவே நீர் வடிந்ததும் குழியைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். நீர் நின்ற மட்டம், நனைந்த பாவு, அச்சு, விழுது, ஜக்கார்டு பெட்டியின் அட்டைகள் ஆகியவற்றைத் தேதி தெரியும்படி படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் கைத்தறித் துறையிடமும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் என்றால் சங்கத்தின் வழியாகவே கொடுப்பது நல்லது.

அந்தத் தொகை ஒரு பட்டுப் பாவின் விலைக்கு ஈடாகாது. மீதிக்குத்தான் தொண்டு நிறுவனம் தேவை. அவர்களிடம் அரிசி கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன்: தறிக்குழியைச் சுற்றி ஓரடி உயரத்துக்குச் செங்கல் கட்டிப் பூசவும், குழிக்குள் நீர் ஊறாத சிமெண்ட் பூச்சுக்கும், தறி நின்ற நாட்களின் கூலிக்கும் கேளுங்கள். ஒரு தெருவில் பத்துத் தறிகளுக்குச் சேர்த்து மனு கொடுத்தால் நிறுவனங்கள் கவனிப்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கூத்து பார்க்கிற இளைஞர்கள் இருபது பேர் இருக்கிறோம். அடுத்த புயலில் கலைஞர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை தொடங்கலாமா, அல்லது இருக்கிற நிறுவனத்துக்குப் பணம் திரட்டிக் கொடுக்கலாமா? போலி நிறுவனங்களை எப்படி அறிவது?
— வாசகர், ஓமலூர்

பதில்: இருக்கிறவர்களோடு சேருங்கள். அறக்கட்டளை தொடங்குவது எளிது; ஆண்டுதோறும் தணிக்கை செய்து, வரித்துறைக்குக் கணக்குக் காட்டி, இருபது பேரும் வேலைக்கும் திருமணத்துக்கும் வெவ்வேறு ஊர்களுக்குப் போனபின்னும் அதை உயிரோடு வைத்திருப்பது கடினம். உங்கள் மாவட்டத்திலேயே மேட்டூர் வட்டம் ஏர்வாடியில் தெருக்கூத்து, பாவைக்கூத்துக் கலைஞர்களுக்காக இயங்கும் களரி அமைப்பு இருக்கிறது. வடக்கே காஞ்சிபுரத்தில் 1990 முதல் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. கலைஞர்களின் பெயரும் ஊரும் குழுவும் அறிந்த இத்தகைய அமைப்புகளிடம் முதலில் போய், புயல் காலத்தில் எங்களால் என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாத கலைஞர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, சேலத்தில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்துக்கு அவர்களை அழைத்துப்போய் விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது, ஒரு பைசா நன்கொடை திரட்டாமலே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. பதிவில் இல்லாதவர் எந்த நிவாரணப் பட்டியலிலும் வருவதில்லை.

நிறுவனத்தை ஆராய்வது பற்றி: பதிவுச் சான்றும், வருமான வரித்துறையின் அறக்கட்டளைப் பதிவும், கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கையும் கேளுங்கள். நல்ல நிறுவனம் கேட்டதும் காட்டும். முகம் சுளிப்பவர்களிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். இவற்றைவிட நான் நம்புகிற சோதனை ஒன்று உண்டு. அவர்கள் சென்ற முறை உதவிய இரண்டு கலைஞர்களின் வீட்டுக்கு நேரில் போய், என்ன வந்தது, எப்போது வந்தது, கையெழுத்து எங்கே வாங்கினார்கள், படம் எடுக்கக் கூட்டிப்போய் நிறுத்தினார்களா என்று விசாரியுங்கள். உதவி பெற்றவர் தயங்காமல் பேசினால் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். நிர்வாகச் செலவே இல்லை என்று பெருமை பேசுகிற நிறுவனத்தை நான் சற்று ஐயத்தோடு பார்ப்பேன். மலைக்கிராமத்துக்கு ஜீப் வாடகையும், கணக்கு எழுதுகிறவருக்குச் சம்பளமும் இல்லாமல் நேர்மையான நிவாரணம் நடக்காது.

பொருளாகக் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு, எங்கள் தெருவில் திரட்டிய பழைய துணி மூட்டைகளோடு நானும் வேதாரண்யம் பக்கம் போயிருந்தேன். சாய்ந்த தென்னந்தோப்புகளுக்கு நடுவே, எங்களுக்கு முன்னே வந்தவர்கள் இறக்கிய துணிகள் சாலையோரத்தில் நனைந்து கிடந்தன. ஒரு மூதாட்டி எங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் கட்டிக்கிட்டு நான் எங்கே சாமி போவேன், மரத்தை அறுத்து எடுக்க ஒரு ஆளைக் கொடுங்க” என்றார். அன்று எங்களிடம் இருந்தது பழைய புடவைகள். அவருக்கு வேண்டியிருந்தது மரம் அறுக்கும் வாளும் நான்கு ஆட்களின் கூலியும். அதற்குப் பிறகு நான் பணமாக மட்டுமே கொடுக்கிறேன், அதையும் இதற்குத்தான் செலவிட வேண்டும் என்று கட்டாமல் கொடுக்கிறேன். உங்கள் குழுவும் திரட்டும் தொகையில் பாதியைப் புயல் வந்த வாரத்தில் கொடுத்துவிட்டு, மறுபாதியைத் தை மாதம் வரை வைத்திருந்து கொடுத்தால், அது ஒருவரின் கிரீடத்துக்கும் இன்னொருவரின் மத்தளத் தோலுக்கும் ஆகும்.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 2005-இல் கட்ரீனா சூறாவளிக்குப் பின் இசைக்கலைஞர்கள் வீடிழந்து நாடெங்கும் சிதறியபோது, அவர்கள் திரும்பி வந்தால்தான் ஊரின் இசை திரும்பும் என்று கருதி, வீடு கட்டித்தரும் தொண்டு நிறுவனம் ஒன்று உள்ளூர் இசைக்கலைஞர்களோடு சேர்ந்து ‘மியூசிஷியன்ஸ் வில்லேஜ்’ என்று 72 வீடுகளைக் கட்டியது. அதை முடிக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. கொடுத்தவர்களும் அதுவரை பொறுத்திருந்தார்கள்.

கேள்வி: புயல் நிவாரண நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டா?
— வெள்ளிப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: 80ஜி என்று பரவலாக அறியப்படும் வரிச்சலுகைப் பிரிவின் கீழ் பதிவு பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால் உண்டு, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கொடுத்ததில் 50 விழுக்காடும், முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்ததில் 100 விழுக்காடும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. வங்கி வழியே கொடுத்து, நிறுவனம் வரித்துறைக்குத் தெரிவித்து வழங்கும் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பி அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அங்கிருந்து சேலம் மாவட்டக் கலைஞர்களுக்குப் பணம் அனுப்ப விரும்புகிறார். நான் இங்கிருந்து அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பவும் முடியுமா?
— வாசகி, வாழப்பாடி

பதில்: தம்பி அனுப்புவதில்தான் கவனம் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருந்தாலும் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. குடியுரிமை மாறியவர் நம் இரத்தமே ஆனாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி அவர் வெளிநாட்டவர். அவர் பணத்தைப் பெறும் நிறுவனம் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். பணம் முதலில் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் சேர வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பெற்ற நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரவும் முடியாது. சின்னச் சின்னக் கலைஞர் அமைப்புகளுக்கு இது பெரிய தடை என்பது என் கருத்து. ஆனால் சட்டம் சட்டம்தான். ஆகவே பதிவுள்ள நிறுவனம் ஒன்று நேரடியாகச் சேலம் மாவட்டக் கலைஞர்களிடையே வேலை செய்கிறதா என்று பார்த்து, அதற்கே அனுப்பச் சொல்லுங்கள்.

நீங்கள் அங்கே அனுப்பலாம். இந்தியாவில் வசிப்பவர் நன்கொடை உட்பட எல்லாத் தேவைகளுக்குமாக ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடம் தருகிறது. நம் வரிச் சலுகை அதற்குக் கிடைக்காது. பெரும்பாலான அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கு ‘ஃபார்ம் 990’ என்ற பெயரில் எவரும் பார்க்கும்படி பொதுவில் இருக்கும். தம்பியை ஒருமுறை அதைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா கூத்து வாத்தியார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் பழைய புகைப்படங்களும் அணிகளும் ஒரு மரப்பெட்டியில் இருக்கின்றன. சென்ற மழையில் பெட்டியின் அடிப்பகுதி நனைந்தது. இதற்கு உதவ நிறுவனம் உண்டா? நாங்களே என்ன செய்யலாம்?
— வாசகர், தாரமங்கலம்

பதில்: நிறுவனம் வந்துசேரும் முன்பே செய்ய வேண்டியது இது, ஏனெனில் நனைந்த தாளில் இரண்டு நாட்களுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். நனைந்து ஒட்டிக்கொண்ட நோட்டுப் பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். நோட்டை நிறுத்திவைத்து, பிரியும் பக்கங்களுக்கு இடையே அச்சில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். செருகிய தாள் ஈரமானதும் மாற்றுங்கள். செய்தித்தாளைச் செருகினால் அதன் மை ஏறிவிடும். ஒரே நேரத்தில் நிறைய நோட்டுகள் நனைந்துவிட்டால், ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்துவிடலாம். பூஞ்சை அதில் வளராது, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்த அவகாசம் கிடைக்கும். சேறுபட்ட புகைப்படத்தைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, படம் உள்ள பக்கத்தைத் தொடாமல் மல்லாத்தி உலர்த்துங்கள். கட்டை அணிகளை வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும், ஒட்டிய கண்ணாடி கழன்றுவிடும்; நிழலில் மெதுவாகக் காய வேண்டும். மத்தளத்துக்கும் அப்படியே; தோலைத் துடைத்து நிழலில் வைத்து, வார் பிடிக்கத் தெரிந்தவரிடம் காட்டும்வரை அடித்துப் பார்க்காதீர்கள். ஆர்மோனியம் இருந்தால், ஈரம் முழுவதும் போகும்வரை துருத்தியை இயக்க வேண்டாம்.

இனி மழைக்கு முன் செய்ய வேண்டியது. பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்திப் பரண்மேல் வையுங்கள். தாத்தாவின் பிரதிகளை ஒரு பக்கமும் விடாமல் கைப்பேசியில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒரு பிரதியை உங்களிடமும், ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமும், ஒன்றை முன்சொன்ன கலை அமைப்புகளில் ஒன்றிடமும் கொடுத்துவையுங்கள். அணிகள் ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, எந்த வேடத்துக்கு உரியது, யார் செய்தது, எந்த ஆண்டு என்பதைத் தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். நாளை ஒரு நிறுவனத்திடம் இழப்பைச் சொல்ல அந்தப் பட்டியல் சான்றாகும்; இழந்ததை மறுபடி செதுக்க வரும் ஆசாரிக்கும் அதுவே அளவாகும். தாத்தா இருக்கும்போதே, இந்த வாரமே உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.